குடற்புழு விழிப்புணர்வு ஓவியப் போட்டி: பிள்ளைகளை எதை வரையச் சொல்வது?

கேள்வி: ஓவிய ஆசிரியை, ராணிப்பேட்டை மாவட்டம்

அனைவருக்கும் வணக்கம். நான் அரசு நடுநிலைப் பள்ளி ஒன்றில் பகுதிநேர ஓவிய ஆசிரியையாகப் பணிபுரிகிறேன். குடற்புழு நீக்க நாளையொட்டி ஓவியப் போட்டி நடத்தும் பொறுப்பைத் தலைமையாசிரியர் என்னிடம் ஒப்படைத்திருக்கிறார். சென்ற ஆண்டும் இப்போட்டி நடந்தது. வந்த தாள்களை மேசையில் பரப்பிப் பார்த்தபோது ஏறக்குறைய எல்லாமே ஒரே படமாக இருந்தன: நடுவில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழும் சிறுவன், வயிற்றுக்குள் கோரைப்பல்லும் முறைக்கும் கண்களும் கொண்ட ஒரு பச்சைப் பாம்பு, மேலே கொட்டை எழுத்தில் 'கை கழுவுவோம்'. ஒரு மாணவி மட்டும், குச்சி மிட்டாயிலிருந்து புழுக்கள் வரிசையாக இறங்கி வாய்க்குள் போவதாக வரைந்திருந்தாள். நடுவராக வந்தவர் கற்பனை வளத்தைப் பாராட்டி அதற்கே முதல் பரிசு கொடுத்துவிட்டார்.

வண்ணம் தீட்ட என்னால் சொல்லிக்கொடுக்க முடியும். புழுக்களைப் பற்றி எனக்குத் தெரிந்தது பாடநூல் அளவுதான். ஆகவே பிள்ளைகளை எதை வரையச் சொல்ல வேண்டும், வந்த படங்களை எதைக் கொண்டு மதிப்பிட வேண்டும் என்பதைச் சுகாதாரத் துறையில் அனுபவமுள்ளவர்கள் எழுதினால் உதவியாக இருக்கும். இன்னொன்றையும் வெளிப்படையாகக் கேட்டுவிடுகிறேன். படம் வரைந்ததால் எங்காவது பிள்ளைகளுக்குப் புழுத்தொற்று குறைந்திருக்கிறதா, அல்லது இது புகைப்படம் எடுத்து மேலிடத்துக்கு அனுப்புவதற்கான சடங்குதானா?

மறுமொழி 1: ஓய்வுபெற்ற சுகாதார ஆய்வாளர்

அம்மா, வணக்கம். மிட்டாய்ப் படத்துக்குப் பரிசு கொடுத்தது சரியா, தவறா என்பது இருக்கட்டும். வந்த தாள்களிலேயே நீங்கள் பத்திரப்படுத்தி வைக்க வேண்டிய தாள் அதுதான். இனிப்பு தின்றால் வயிற்றில் பூச்சி வரும் என்று நம் வீடுகளில் பிள்ளைகளை மிரட்டியே வளர்க்கிறோம். மற்றவர்கள் சுவரொட்டியைப் பார்த்து வரைந்திருக்கிறார்கள். அந்தப் பெண் தான் நம்பியதை வரைந்திருக்கிறாள். புழு இனிப்பிலிருந்து உண்டாவதில்லை. ஈ மொய்த்த பண்டமும் கழுவாத கையும் வேறு கதை. அங்கும் குற்றம் சர்க்கரையின் மீது இல்லை. ஒரு வகுப்பு முழுவதும் எதை நம்பிக்கொண்டிருக்கிறது என்பதை இத்தனை எளிதாகக் காட்டும் வழி வேறில்லை என்பதால்தான் நான் ஓவியத்தை ஆதரிக்கிறேன்.

'குடற்புழு' என்று பொதுவாகத் தலைப்புக் கொடுத்தால் பாம்புதான் வரும். ஒரு புழுவின் பெயரைச் சொல்லி, அது மண்ணிலிருந்து உடலுக்குள் வந்து மறுபடியும் மண்ணுக்குத் திரும்பும் வழியை வரையச் சொல்லுங்கள். உருண்டைப்புழுவை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பெண்புழு ஒரு நாளைக்கு 2,00,000 முட்டைகள் வரை இடும். அவை மலத்தோடு வெளியேறி, ஈரமண்ணில் சில வாரங்கள் கிடந்து முதிர்ந்த பிறகே தொற்றும் நிலையை அடைகின்றன. பிறகு சரியாகக் கழுவாத காய்கறியோடும் நகக்கண் அழுக்கோடும் வாய்க்குள் போகின்றன. குடலில் பொரித்து வெளிவரும் இளம்புழு அங்கேயே தங்கிவிடுவதில்லை. அது இரத்தத்தின் வழியே நுரையீரலுக்குச் சென்று, தொண்டைக்கு ஏறி, எச்சிலோடு விழுங்கப்பட்டு, மீண்டும் குடலுக்கு வந்துதான் முழுப்புழுவாக வளர்கிறது. ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு வரைவதற்கு இதைவிடச் சுவையான பயணம் கிடைக்காது. புழு வயிற்றுக்குள்ளேயே குட்டி போட்டுப் பெருகுகிறது என்ற எண்ணமும் இந்தப் படத்தை வரைந்தால் தானாக விலகும், ஏனென்றால் இடப்பட்ட முட்டை வெளியே போய் மண்ணைத் தொடாமல் அடுத்த புழு இல்லை.

கொக்கிப்புழுவின் வழி வேறு. அதன் இளம்புழு நிழலும் ஈரமும் உள்ள மண்ணில் காத்திருந்து, வெறுங்காலின் தோலைத் துளைத்துக்கொண்டு நுழைகிறது. குடலை அடைந்தபின் அதன் சுவரைக் கவ்வி இரத்தம் குடிப்பதால்தான் பிள்ளைகளுக்கு இரத்தசோகை வருகிறது. கை கழுவுவதை மட்டும் காட்டும் படம் இதற்குப் பொருந்தாது. செருப்பும் கழிப்பறையும் படத்துக்குள் வந்தாக வேண்டும். உங்கள் பகுதிக்கு இது மிகவும் முக்கியம். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியினர் திமிரியிலும் ஜவ்வாது மலையிலும் நடத்திய பெரிய ஆய்வில் மிகுதியாகக் காணப்பட்டது கொக்கிப்புழுவே. பெயரைக் கேட்டதும் பிள்ளைகள் தூண்டில் முள்ளை வரைவார்கள். உண்மையில் அது சுமார் ஒரு சென்டிமீட்டர் நீளமுள்ள மெல்லிய புழு; உருண்டைப்புழுவோ 15 முதல் 35 சென்டிமீட்டர் வரை வளரும். அளவுகோலை வைத்து உண்மை நீளத்திலேயே வரையச் சொன்னால் கோரைப்பல்லுக்கு இடமிருக்காது.

மறுமொழி 2: பொது சுகாதார முதுநிலை மாணவர்

உங்கள் கடைசிக் கேள்விக்கு மட்டும் எழுதுகிறேன். சீனாவின் ஹூனான் மாகாணத்தில் 38 பள்ளிகளில், 9 முதல் 10 வயதுள்ள 1,718 பிள்ளைகளிடம் ஒரு கல்வியாண்டு முழுவதும் நடத்திய ஆய்வு 2013-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியானது. தொடக்கத்தில் எல்லாருக்கும் அல்பெண்டசோல் என்ற குடற்புழு நீக்க மாத்திரையைக் கொடுத்தார்கள். பிறகு ஒரு பாதிப் பள்ளிகளில் 12 நிமிடக் கார்ட்டூன் படம், அதையொட்டிய வகுப்பறைக் கலந்துரையாடல், துண்டறிக்கை, ஓவியப் போட்டி, கட்டுரைப் போட்டி ஆகியவற்றை நடத்தினார்கள். மறு பாதியில் வழக்கமான சுகாதாரச் சுவரொட்டியை மட்டும் மாட்டினார்கள். ஆண்டு முடிவில் சுவரொட்டிப் பள்ளிகளில் 8.4 விழுக்காட்டுப் பிள்ளைகளுக்குப் புழுத்தொற்று ஏற்பட்டிருந்தது. மற்ற பள்ளிகளில் 4.1 விழுக்காடு. கழிப்பறைக்குச் சென்று வந்தபின் கை கழுவியவர்கள் முறையே 54.2 விழுக்காடும் 98.9 விழுக்காடும் ஆவர்.

இதில் ஓவியத்தின் பங்கு மட்டும் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது, ஏனென்றால் அது ஒரு தொகுப்பின் பகுதியாகவே இருந்தது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: நம் போட்டிகளில் பிள்ளைகள் பெரும்பாலும் சுவரொட்டியைத்தான் நகல் எடுக்கிறார்கள். அதாவது, அந்த ஆய்வில் பின்தங்கிய பள்ளிகளில் என்ன இருந்ததோ அதையே நாம் கூடுதலாகத் தயாரிக்கிறோம். என் யோசனை இதுதான். பாடம் நடத்துவதற்கு முன்பே, எந்தப் படத்தையும் காட்டாமல், 'புழு உனக்குள் எப்படி வரும்?' என்று கேட்டு ஒரு தாளில் வரையச் சொல்லுங்கள். அதற்குப் பரிசு வேண்டாம். பாடமும் உரையாடலும் முடிந்து சில வாரங்கள் கழித்து அதே கேள்விக்கு மறுபடி வரையச் சொல்லுங்கள். ஒரே பிள்ளையின் இரண்டு தாள்களையும் அருகருகே வைத்தால், எது மாறியிருக்கிறது, எது மாறவில்லை என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.

மறுமொழி 3: பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர், பெற்றோர்

மேலே இருவரும் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் எச்சரிக்கையாக ஒன்றைச் சொல்ல வேண்டும். மலம், மண், வெறுங்கால் என்று வரையச் சொல்லும்போது பிள்ளைகள் தங்கள் தெருவையே வரைவார்கள். ஏரிக்கரைக்குப் போகிறவர்கள் யார், எந்த வீட்டில் கழிப்பறை இல்லை என்பதெல்லாம் அடையாளம் தெரியும்படி தாளில் வந்துவிடும். அந்தப் படம் பரிசு பெற்று வராண்டாவில் தொங்கினால், அந்தத் தெருப் பிள்ளைக்கு அன்றிலிருந்து கேலிதான். தெருப் பெயரையும் வீட்டு அடையாளத்தையும் தவிர்க்கச் சொல்லுங்கள். ஐயத்துக்குரிய படங்களைப் பார்வைக்கு வைக்காதீர்கள்.

அதற்கு மாறாக, பள்ளியையே வரைபடமாக வரையச் சொல்லலாம். எங்கள் ஊர்ப் பள்ளியில் ஒரு சிறுவன் வரைந்த வரைபடத்தில் குழாயடி இருந்தது, சோப்பு வைக்கும் இடத்தில் காலியான சோப்புப் பெட்டி திறந்து கிடந்தது, கழிப்பறைக் கதவில் கதவளவுக்குப் பெரிய பூட்டு தொங்கியது. அந்தத் தாளை நாங்கள் குழுக் கூட்டத்தில் மேசை மீது வைத்தோம். பூட்டின் சாவி யாரிடம் இருக்கிறது என்ற பேச்சு அன்றுதான் முதல் முறையாக எழுந்தது. கழிப்பறை இப்போது திறந்திருக்கிறது. சோப்புக்கு நிதி கேட்டு அலைந்துகொண்டிருக்கிறோம். தண்ணீர் வராத குழாயின் கீழே கை கழுவும் பிள்ளையை வரையச் சொல்வதை நாம் நிறுத்த வேண்டும்.

கேள்வி கேட்டவர்: ஓவிய ஆசிரியை

மூவருக்கும் நன்றி. இரண்டு தாள் முறையையும் பள்ளி வரைபடத்தையும் செய்யப்போகிறேன். மதிப்பெண் எப்படிப் பிரிப்பது? மேலும், மாத்திரை கொடுக்கும் நாளன்று படங்களை அதே கூடத்தில் மாட்ட வேண்டும் என்று தலைமையாசிரியர் விரும்புகிறார். அதில் ஏதும் சிக்கல் உண்டா?

மறுமொழி 4: ஓய்வுபெற்ற சுகாதார ஆய்வாளர்

பாதி மதிப்பெண்ணைப் புழுவின் வழி சரியாக இருப்பதற்கும், கால் பங்கை அந்த வழியை எங்கே மறிக்கலாம் என்று காட்டுவதற்கும், மீதியை ஓவிய அழகுக்கும் வையுங்கள். வரைந்த பிள்ளையை அருகில் அழைத்து, 'இது என்ன?' என்று இரண்டு நிமிடம் பேசவிட்டுப் பிறகு மதிப்பெண் போடுங்கள்; சரியாக வரையத் தெரியாத பிள்ளை சரியாகச் சொல்லக்கூடும்.

மாத்திரை நாளன்று அச்சமூட்டும் படங்கள் கூடத்தில் வேண்டாம். வயிற்றில் புழு அதிகமுள்ள சில பிள்ளைகளுக்கு மாத்திரைக்குப் பிறகு லேசான வயிற்றுவலியும் குமட்டலும் வரலாம். அது பெரும்பாலும் சற்று நேரத்தில் தணிந்துவிடும். ஆனால் சுவரெங்கும் குடலைக் கடிக்கும் பூதம் தொங்கும்போது ஒரு பிள்ளை வாந்தி எடுத்தால் கூடமே பதறிவிடும், அடுத்த சுற்றில் பெற்றோர் பிள்ளையை அனுப்பத் தயங்குவார்கள். அன்று மாட்டுவதற்கென்றே சிலரிடம் வேறு தலைப்புக் கொடுங்கள்: 400 மில்லிகிராம் மாத்திரையை விழுங்காமல் நன்றாக மென்று தின்னும் பிள்ளை, உடல்நிலை சரியில்லாததால் அன்று மாத்திரை வாங்காமல் விடுபட்டோர் நாளன்று வந்து வாங்கும் பிள்ளை. மாத்திரை இருக்கிற புழுவைத்தான் கொல்லும், அடுத்து நுழைவதைத் தடுக்காது என்பதையும் யாராவது ஒருவரை வரையச் சொல்லுங்கள். ஆண்டுக்கு இரண்டு முறை ஏன் என்று கேட்கும் பெற்றோருக்கு அந்தப் படத்தையே காட்டலாம். மற்ற படங்களை மறுவாரம் பெற்றோர் கூட்டத்தில் வையுங்கள். கொக்கிப்புழு பெரியவர்களுக்கும் பரவலாக இருக்கிறது, வயலில் வெறுங்காலோடு நிற்பவர்கள் அவர்கள்தான். அவர்களில் பலருக்கு இந்த மாத்திரை கொடுக்கப்படுவதில்லை.