பெரிய வீடு குழு: அக்குமுலேட்டர் மட்டம்

ஜூன் 12

வசந்தா, 8:41: பிரபு இன்னும் சாப்பிட வரவில்லை. யாரிடமாவது பேசினானா?

கவிதா, 8:43: ஐஸ் கம்பெனியில்தான் இருப்பான் அம்மா. ஏப்ரல் 15இல் தொடங்கிய மீன்பிடித் தடைக்காலம் நாளை மறுநாள் முடிகிறது. 61 நாள் கட்டிக் கிடந்த படகெல்லாம் ஒரே ராத்திரியில் கிளம்பும். இப்போது ஐஸ் பார் போடாமல் எப்போது போடுவார்கள்?

பிரபு, 8:52: இங்கேதான் இருக்கிறேன் அம்மா. பரோட்டா வாங்கிக் கொடுத்துவிட்டார்கள்.

பிரபு, 8:53: மணி சித்தப்பா, இருக்கிறீர்களா? ஒரு சந்தேகம்.

மணி, 8:55: சொல்லுடா.

பிரபு, 8:58: அக்குமுலேட்டரில் லிக்விட் அமோனியா குறைவாகக் காட்டுகிறது. பெரிய ஆப்பரேட்டர் அண்ணன் சாயங்காலத்திலிருந்து, லிக்விட்டை உள்ளே விடும் எக்ஸ்பேன்ஷன் வால்வைக் கால் சுற்று கால் சுற்றாகத் திறந்துகொண்டே இருக்கிறார். மட்டம் ஏறவே இல்லை. ஆனால் கம்ப்ரஸருக்கு ஆவி போகும் சக்ஷன் பைப் முழுக்கப் பனி பிடித்து, கம்ப்ரஸர் வரை வெள்ளையாகிவிட்டது.

மணி, 8:59: கம்ப்ரஸரில் எது வரை? சரியாகப் பார்த்துச் சொல்.

பிரபு, 9:01: கிராங்க் கேஸில் பாதி வரை.

மணி, 9:01: டிஸ்சார்ஜ் தெர்மாமீட்டர்?

பிரபு, 9:02: 58.

மணி, 9:02: தட்டுகிற சத்தம்?

பிரபு, 9:03: இதுவரை இல்லை.

மணி, 9:04: ஓடிப்போய் அண்ணனிடம் நான் சொன்னதாகவே சொல். லிக்விட் வால்வை முழுதாக மூட வேண்டும். சக்ஷன் வால்வை நெரித்து வைக்க வேண்டும். டொக் டொக் என்று ஏதாவது கேட்டால் ஒரு நொடி யோசிக்காமல் கம்ப்ரஸரை நிறுத்த வேண்டும். விளக்கம் எல்லாம் அப்புறம்.

வசந்தா, 9:05: என்ன தம்பி ஆச்சு? கேஸ் விட்டுவிட்டதா?

மணி, 9:07: கேஸ் எதுவும் வெளியே வரவில்லை அண்ணி, பயப்படாதீர்கள். மெஷினுக்குத்தான் ஆபத்து. கம்ப்ரஸர் 200 பவுண்டு அழுத்தத்தில் ஆவியை வெளியே தள்ளும் டிஸ்சார்ஜ் பைப் நூறு டிகிரிக்கு மேல் கொதிக்க வேண்டும். 58 என்றால் ஆவியோடு லிக்விட்டும் கம்ப்ரஸருக்குள் போகிறது என்று அர்த்தம்.

கவிதா, 9:09: சித்தப்பா, மட்டம் குறைவு என்றுதானே அவன் சொன்னான்? குறைவாக இருந்தால் எப்படி வழிந்து போகும்?

மணி, 9:10: அதுதான் கேள்வி.

அருள், 9:14: இப்போதுதான் ஷிப்ட் முடிந்து பார்க்கிறேன். அப்பா, மட்டம் பார்க்கும் மிதவை, அந்த ஃப்ளோட், சிக்கிக்கொண்டிருக்குமோ?

மணி, 9:15: இருக்கலாம். எனக்கு வேறு சந்தேகம். அவன் வரட்டும்.

கவிதா, 9:16: முதலில் அக்குமுலேட்டர் என்றால் என்ன என்று எனக்கும் அம்மாவுக்கும் சொல்லுங்கள். இந்த வீட்டில் பாதிப் பேர் ஐஸ் கம்பெனிச் சம்பளத்தில் வளர்ந்தவர்கள், ஒருவருக்கும் தெரியாது.

மணி, 9:22: உப்புத்தண்ணீர்த் தொட்டிக்குள் காயில் இருக்கும். அதற்கு மேலே படுத்த வாக்கில் ஓர் உருளை, அதுதான் அக்குமுலேட்டர். அதிலிருந்து லிக்விட் அமோனியா தன் எடையிலேயே கீழே இறங்கிக் காயிலை நிரப்பும். தண்ணீர் கொதிக்க 100 டிகிரி வேண்டும். அமோனியா திறந்த வெளியில் மைனஸ் 33இலேயே கொதித்துவிடும். நம் சக்ஷனில் 20 பவுண்டு அழுத்தம் வைத்திருப்பதால் மைனஸ் 15இல் கொதிக்கும். உப்புத்தண்ணீரின் சூட்டை வாங்கித்தான் கொதிக்கிறது, அதனால்தான் தொட்டி குளிர்கிறது. ஆவியும், கொதிக்காமல் மிஞ்சிய லிக்விட்டும் சேர்ந்து மேலே உருளைக்குத் திரும்பும். அங்கே லிக்விட் தங்கிவிட வேண்டும், ஆவி மட்டும் கம்ப்ரஸருக்குப் போக வேண்டும்.

அருள், 9:25: வீட்டு ஏ.சி.யில் இப்படி இல்லை அக்கா. காயிலின் கடைசிப் பகுதிக்கு வருவதற்குள் எல்லாம் ஆவியாகிவிடும், அந்தப் பகுதி காய்ந்த பகுதி. இங்கே உட்சுவர் முழுக்க எப்போதும் நனைந்திருக்கும். அதே காயிலில் அதிகக் குளிர். அதற்கு விலை, மட்டத்தைக் காவல் காக்க வேண்டும். இறங்கினால் மேல் காயில் காய்ந்து பார் உறைய நேரமாகும். ஏறினால் லிக்விட் கம்ப்ரஸருக்குள் போகும். ஆவி அழுந்தும், லிக்விட் அழுந்தாது. வால்வு பிளேட்டோ கனெக்டிங் ராடோ ஏதாவது ஒன்று போய்விடும்.

கவிதா, 9:26: அப்படியென்றால் எப்போதும் குறைவாகவே வைத்துவிட்டால் பாதுகாப்புதானே?

மணி, 9:27: பாதுகாப்புதான். வெந்தும் வேகாததுமாக நடுவில் தண்ணீரோடு பார் வரும். படகுக்காரர்கள் என்ன சொல்வார்கள் என்று உனக்குத் தெரியாது.

கவிதா, 9:28: சரி, எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு அமோனியாவை மட்டும் அளந்து ஊற்றி மூடிவிட்டால்?

அருள், 9:31: அப்படியும் ஒரு முறை உண்டு. ஃப்ளோட்டை, ஆவியைத் திரும்ப லிக்விட் ஆக்கும் கண்டென்சர் பக்கம் வைப்பார்கள். அங்கே லிக்விட் சேரச் சேரத் திறந்து எல்லாவற்றையும் இந்தப் பக்கம் தள்ளிவிடும். மொத்தத்தில் ஊற்றியது எவ்வளவோ அதுதான் மட்டம். ஒரே காயில் இருக்கும் இடத்துக்குச் சரி. கொஞ்சம் கூட ஊற்றினாலும் நேராக உருளையில்தான் தெரியும். நம் ஊர் ஐஸ் கம்பெனிகளில் ஃப்ளோட் உருளைப் பக்கம் இருக்கும், மிச்ச லிக்விட் ரிசீவர் டாங்கில் காத்திருக்கும்.

பிரபு, 9:36: சித்தப்பா, லிக்விட் வால்வை மூடிவிட்டோம். சக்ஷனும் நெரித்தாயிற்று. சத்தம் இல்லை. அண்ணன் கொஞ்சம் கோபமாக இருக்கிறார். ‘மட்டமே இல்லாத உருளையை இன்னும் காய வைக்கச் சொல்கிறாரா உன் சித்தப்பா’ என்கிறார்.

மணி, 9:37: கோபப்படட்டும். மட்டம் காட்டும் நிற்கும் பைப்பை ஒரு படம் எடுத்து அனுப்பு. அடி முதல் நுனி வரை தெரிய வேண்டும்.

பிரபு, 9:40: [படம்]

மணி, 9:42: பைப்பின் அடியைப் பெரிதாக்கிப் பாருங்கள். அடியிலிருந்து ஒரு சாண் உயரத்துக்குப் பனி இல்லை, வெறும் ஈரம். அதற்கு மேல் கொஞ்ச தூரம் கெட்டியாகப் பனி. அதற்கும் மேல் மெல்லிசு. பிரபு, அப்படித்தானே?

பிரபு, 9:43: ஆமாம். அடியில் தொட்டால் பிசுபிசு என்று தண்ணீர்தான். நானே இப்போதுதான் கவனிக்கிறேன்.

மணி, 9:44: எண்ணெய்.

அருள், 9:45: அட, ஆமாம்.

மணி, 9:50: கம்ப்ரஸர் எண்ணெய் ஆவியோடு கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டே இருக்கும். எண்ணெயைப் பிரிக்கும் செபரேட்டர் எல்லாவற்றையும் பிடிக்காது. ஃப்ரியானில் எண்ணெய் கலந்து திரும்பி வந்துவிடும், அமோனியாவில் கலக்காது. கனம் அதிகம், அடியில் போய் உட்காரும். பைப்பின் அடியில் அமோனியா இருந்தால் கொதித்துப் பனி பிடித்திருக்கும். எண்ணெய் கொதிக்காது, அதனால்தான் அந்த ஒரு சாண் வெறும் ஈரம். அந்தப் பைப் காட்டும் மட்டம் பொய்.

கவிதா, 9:51: எண்ணெய் சேர்ந்தால் மட்டம் கூடத்தானே காட்ட வேண்டும்?

அருள், 9:56: இல்லை அக்கா. உருளையும் பைப்பும் கீழே ஒன்றோடொன்று இணைந்தவை. இரண்டு பக்கமும் எடை சமமாக நிற்கும். அமோனியா லிட்டருக்கு 0.66 கிலோ, எண்ணெய் 0.9. ஒரு சாண், 22 சென்டிமீட்டர் எண்ணெய் நிற்கிறது என்றால் அது 30 சென்டிமீட்டர் அமோனியாவைத் தாங்கும். ஆகவே பைப்பில் கிட்டத்தட்ட 8 சென்டிமீட்டர் குறைவாகத் தெரியும். ஃப்ளோட் ஸ்விட்ச் அந்தப் பைப்பில்தான் தொங்குகிறது. ‘குறைவு, குறைவு’ என்று, லிக்விட்டை விடும் மின்வால்வை, சோலனாய்டைத் திறந்தே வைத்திருக்கிறது. அது போதாதென்று அண்ணன் கையால் வேறு எக்ஸ்பேன்ஷன் வால்வைத் திறந்திருக்கிறார்.

மணி, 9:58: எண்ணெய் இல்லாவிட்டாலும் பைப்பில் குறைவாகத்தான் தெரியும். உருளைக்குள் இருப்பது குமிழியோடு கொதிக்கும் லிக்விட், பைப்பில் இருப்பது அடங்கிய லிக்விட். அதிலும் இன்றைக்குப் பார் உறையும் எல்லாக் கேனிலும் புதுத் தண்ணீர். ஜூன் மாதத் தண்ணீர், சூடு. காயிலில் கொதிப்பு ஒரே வெறியாக இருக்கும்.

வசந்தா, 9:59: பால் பொங்குகிற மாதிரியா தம்பி?

மணி, 10:00: அதேதான் அண்ணி. பால் கூடவில்லை, மட்டம் மட்டும் கூடுகிறது. கம்ப்ரஸரைச் சட்டென்று முழு லோடில் போட்டாலும் இப்படித்தான். அழுத்தம் இறங்கியதும் உள்ளே எல்லாம் ஒரே நேரத்தில் கொதித்து மேலே வரும். அதனால்தான் சக்ஷன் வால்வை மெல்லத் திற என்று தலையில் அடித்துக்கொள்கிறோம்.

அருள், 10:03: பிரபு, மட்டம் அதிகமானால் கம்ப்ரஸரை நிறுத்தும் ஃப்ளோட் எங்கே இருக்கிறது?

பிரபு, 10:05: அதே பைப்பில், மேலே.

அருள், 10:06: அதுதான் எனக்குப் பிடிக்காதது. வேலைக்காரனும் காவல்காரனும் ஒரே பைப்பைப் பார்த்தால், பைப் பொய் சொல்லும்போது இருவரும் சேர்ந்து ஏமாறுவார்கள். காவல் ஃப்ளோட்டுக்குத் தனிப் பைப், தனி வால்வு வேண்டும். இங்கே விசாகப்பட்டினத்தில் எங்கள் இறால் பிளான்டில் அப்படித்தான். மட்டத்துக்கு ராட் சென்சார், 4 முதல் 20 மில்லிஆம்ப் சிக்னல், மோட்டார் வால்வு தானாகக் கூட்டிக் குறைக்கும். மேல் மட்டத்துக்குத் தனி ஃப்ளோட்.

மணி, 10:08: உன் ராட் எண்ணெயில் நின்றால் என்ன காட்டும்?

அருள், 10:10: காலி என்று காட்டும். அமோனியாவுக்கும் எண்ணெய்க்கும் மின்குணம் ரொம்ப வேறு.

மணி, 10:10: அப்படி வா வழிக்கு.

அருள், 10:12: அதற்காக ராத்திரி முழுக்க ஒருவர் பனியைப் பார்த்துக்கொண்டு உட்கார முடியுமா அப்பா? எண்ணெய் வடிப்பதைச் சரியாகச் செய்தால் சென்சார் ஒழுங்காகத்தான் சொல்லும்.

மணி, 10:13: அதையும் மறுக்கவில்லை. ஆனால் எந்தக் கருவியாக இருந்தாலும் கம்ப்ரஸரையும் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். பைப் குறைவு என்கிறது, டிஸ்சார்ஜ் 58 என்கிறது. நான் 58ஐத்தான் நம்புவேன்.

பிரபு, 10:15: அண்ணனிடம் படத்தைக் காட்டிச் சொன்னேன். பார்த்துவிட்டு ஒன்றும் பேசவில்லை. ‘தடைக்காலத்துக்கு முன்னால் வடித்தது’ என்கிறார். இப்போது வடிக்கலாமா?

மணி, 10:20: வடிக்கலாம். அண்ணன்தான் வடிக்க வேண்டும், நீ பக்கத்தில் நில். தனியாக யாரும் தொடக்கூடாது. சோலனாய்டு ஸ்விட்சை அணை. மாஸ்க், கண்ணாடி, கையுறை. பைப்பின் கீழ் வால்வை மூடி, மேல் வால்வைக் கொஞ்சமாகத் திறந்து வைத்து, அடியில் விட வேண்டும். கையை எடுத்தால் தானே மூடிக்கொள்ளும் ஸ்பிரிங் வால்வு இருக்கிறதா?

பிரபு, 10:21: இருக்கிறது. யாரோ கம்பியால் கட்டி வைத்திருக்கிறார்கள்.

மணி, 10:21: முதலில் கம்பியை அவிழ்க்கச் சொல்!

மணி, 10:23: எண்ணெய் கெட்டியாக, மெதுவாக வரும். நுரைத்து வந்தால் உடனே விட்டுவிட வேண்டும், அதற்கு அப்புறம் வருவது அமோனியா. பக்கெட்டை வெளியே காற்றோட்டத்தில் வை. உருளைக்கு அடியில் உள்ள எண்ணெய்ப் பானையையும் அதே கையோடு பார்த்துவிடுங்கள்.

வசந்தா, 10:24: ஈரத் துண்டு ஒன்று கழுத்தில் போட்டுக்கொள் பிரபு.

மணி, 10:25: நல்ல யோசனைதான் அண்ணி. அமோனியாவைத் தண்ணீர் இழுத்துக்கொள்ளும். மாஸ்க்குக்குப் பதிலாக இல்லை, மாஸ்க்கோடு சேர்த்து.

பிரபு, 11:08: முடிந்தது. பைப்பிலிருந்து கொஞ்சம்தான், பானையிலிருந்து முக்கால் பக்கெட். கறுப்பாக, தார் மாதிரி. கீழ் வால்வைத் திறந்ததும் பைப்பில் மட்டம் சரசரவென்று ஏறியது. ஃப்ளோட் எழும்பிவிட்டது. ஸ்விட்சைப் போட்டும் சோலனாய்டு லைட் எரியவில்லை.

அருள், 11:09: இரண்டு மணி நேரமாக லிக்விட் மூடியிருந்தும் ‘போதும்’ என்கிறது பார். எவ்வளவு ஏறியிருந்திருக்கும்!

மணி, 11:10: டிஸ்சார்ஜ்?

பிரபு, 11:11: 91. கிராங்க் கேஸ் பனி உருகிச் சொட்டுகிறது.

மணி, 11:16: நல்லது. இனி சோலனாய்டு லைட் தானாக எரியும் வரை லிக்விட் வால்வைத் தொடாதே. எரிந்த பின் கை வால்வு, அதாவது எக்ஸ்பேன்ஷன் வால்வு. சாயங்காலம் திறந்ததையெல்லாம் திரும்ப மூடிவிட்டுப் புதிதாக வையுங்கள். முழு லோடில் சோலனாய்டு பெரும்பாலும் திறந்திருக்க வேண்டும், இடையில் கொஞ்ச நேரம் மூட வேண்டும். மூடவே இல்லை என்றால் வால்வு போதவில்லை. டக் டக் என்று அடிக்கடி அடித்தால் வால்வு அதிகம், மட்டம் ஏறி இறங்கி ஆடும். ஒரு தடவை திருப்பினால் கால் மணி நேரமாவது காத்திரு. உருளை உடனே பதில் சொல்லாது.

அருள், 11:18: காவல் ஃப்ளோட்டுக்குத் தனிப் பைப் போடச் சொல்லி ஓனரிடம் பேச வேண்டும்.

மணி, 11:19: சீசன் முடியட்டும் என்பார். பெரிய ஆப்பரேட்டரை வைத்துச் சொல்ல வைக்கலாம். அவர் சொன்னால் கேட்பார்.

வசந்தா, 11:20: எல்லாம் முடிந்ததா? சாப்பிட்டீர்களா தம்பி?

மணி, 11:21: ஆயிற்று அண்ணி. நீங்கள் படுங்கள்.

பிரபு, 12:34: சித்தப்பா, தூங்கிவிட்டீர்களா? சோலனாய்டு 4 நிமிடம் திறந்திருக்கிறது, 1 நிமிடம் மூடுகிறது.

மணி, 12:36: டிஸ்சார்ஜ்?

பிரபு, 12:36: 112. பைப்பில் அடியிலிருந்தே பனி பிடித்துவிட்டது.

மணி, 12:37: வால்வில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு வை. காலையில் அருளின் கணக்கை அண்ணனுக்கும் காட்டு.