"நான் அதே ஆள்தானா?" என்று தட்டிய தருணம்: உங்கள் அனுபவம்?

பழைய நோட்டு:
வீடு மாற்றும்போது 2006 டைரி கையில் சிக்கியது. எழுதுகிற பழக்கம் உள்ளவர்களுக்குத் தெரியும், நின்றபடியே படிக்க ஆரம்பித்துவிடுவோம். மார்ச் 14ஆம் பக்கத்தில் ஒரே வரி: "இன்று எடுத்த முடிவைச் சாகும்வரை மாற்ற மாட்டேன்." கீழே இரண்டு கோடு. அழுத்திய அழுத்தில் தாள் கிழிந்து அடுத்த பக்கத்தில் மை இறங்கியிருக்கிறது. என்ன முடிவு? எழுதவில்லை. முன்னும் பின்னும் பத்துப் பக்கம் புரட்டினேன். பல்வலி, யாருக்கோ கொடுத்த கடன், மறுபடி பல்வலி. நான் இன்னார் என்பதற்கு ஆதாரமாகத்தான் இத்தனை வருடம் எழுதிக் குவித்தேன். அந்த முடிவை இன்னமும் காப்பாற்றுகிறேனா, என்றைக்கோ கைவிட்டேனா என்றுகூடத் தெரியவில்லை. மூட்டை கட்டுவதை விட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

கண்ணாடிக்காரன்:
எழுத்தை நம்பினால் இப்படித்தான், கோபித்துக்கொள்ளாதீர்கள். எனக்கு உடம்புதான் சாட்சி. ஆபரேஷன் முடிந்து மயக்கம் தெளிகிற நேரம். நர்ஸ் பேரைக் கேட்கிறார். நாக்கில் ஒன்றும் இல்லை. வயது? அதுவும் இல்லை. பயம் ஏறும்போது ஆள்காட்டி விரல் தானாக எழும்பி, மூக்கின் மேல் இல்லாத கண்ணாடியை மேலே தள்ளியது. சிரிப்பு வந்துவிட்டது. பேர் வர இன்னும் ஐந்து நிமிடம் ஆனது, ஆனால் ஆள் வந்துவிட்டான்.

ஹென்றி மொலைசனை எடுத்துக்கொள்ளுங்கள். 1953இல் வலிப்புக்காக மூளையில் அறுவை செய்தபின் புது நினைவு தங்காமல் போன மனிதர். முகம் பார்க்கும் கண்ணாடியில் பார்த்தபடி நட்சத்திரம் வரையச் சொன்னார்கள். முந்தைய நாள் வரைந்தது அவருக்கு நினைவே இல்லை. கை மட்டும் நாளுக்கு நாள் தேறிக்கொண்டே வந்தது.

நடு மகள்:
கண்ணாடிக்காரரே, மொலைசனுக்குத் தன் பேர், சிறுவயது, அப்பா அம்மா எல்லாம் நினைவிருந்தது. அதை விட்டுவிட்டுக் கையை மட்டும் பேசுகிறீர்கள். கை தேறினால் ஆள் ஆகிவிடுமா?

என் அம்மாவுக்கு மறதி நோய். என்னை "அக்கா" என்று கூப்பிடுகிறார். ஆறு மாதம் திருத்திப் பார்த்தேன். "நான் உன் மகள்மா" என்றால் தப்புச் செய்த பிள்ளை மாதிரி தலையைக் குனிந்துகொள்வார். ஒரு நாள் நகம் வெட்டிக்கொண்டிருந்தேன். "ஒட்ட வெட்டாதே, என் மகளுக்கும் இதே புத்தி" என்றார். என்னிடமே. அன்றோடு திருத்துவதை நிறுத்தினேன். இப்போது அம்மா யார் என்பதை நாங்கள் மூன்று பேர் பங்கு போட்டு வைத்திருக்கிறோம். அண்ணன் சொல்லும் அம்மா கோபக்காரி, தங்கை சொல்லும் அம்மா பாட்டுக்காரி. எனக்கு அந்த இரண்டு பேரையுமே தெரியாது.

ஒழுங்குப்பிரியன்:
என்னுடையது சின்ன விஷயம். கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று வங்கியில் காசோலையைத் திருப்பிவிட்டார்கள். பழைய கையெழுத்தைப் பார்த்துப் பழகி, எனக்கே நான் கள்ளக் கையெழுத்துப் போட்டேன். அவ்வளவுதான்.

டைரிக்காரருக்குச் சில யோசனைகள். முதலில், தேதி போடாமல் எழுதவே கூடாது. என்ன உணர்ந்தீர்கள் என்பதைவிட எதனால் என்பதை எழுதுங்கள். உணர்ச்சி ஆறிவிடும், காரணம் நிற்கும். அப்புறம் வருடத்துக்கு ஒருமுறை உட்கார்ந்து படிக்க வேண்டும், இருபது வருடம் கழித்து வீடு மாற்றும்போது அல்ல. குரலில் பதிவு செய்தால் இன்னும் நல்லது, குரலின் நடுக்கம் தாளில் வராது. ஆனால் எழுதுவதே மருந்து என்றும் இருந்துவிடாதீர்கள். கிளைவ் வேரிங் என்ற இசைக்கலைஞர் 1985இல் மூளை அழற்சியால் நினைவை இழந்தார். "இப்போதுதான் முதன்முறையாக விழித்தேன்" என்று டைரியில் எழுதுவார், சற்று முன் எழுதியதை அடித்துவிட்டு மறுபடி அதையே எழுதுவார். பக்கம் பக்கமாக. ஆகவே இரண்டாவது ஆள் ஒருவரையும் சாட்சிக்கு வைத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் டைரியை நீர் புகாத உறையில்...

நேற்றில்லாதவன்:
உறையை விடுங்கள் சார்.

எனக்கு இந்தக் கவலையே புரியவில்லை. வாழ்க்கையைக் கதையாகப் பார்க்காதவர்களும் உண்டு என்று கேலன் ஸ்ட்ராசன் என்ற தத்துவ அறிஞர் 2004இல் எழுதினார். நான் அந்த ரகம். பத்து வருடத்துக்கு முந்தைய "நான்" எனக்குத் தூரத்துச் சொந்தம் மாதிரி. நிம்மதியாகத்தான் இருந்தேன், பள்ளித் தோழன் ஒருவன் தேடி வந்து மன்னிப்புக் கேட்கும் வரைக்கும். சின்ன வயதில் செய்யாத திருட்டுக்கு என்னை மாட்டிவிட்டானாம். சம்பவம் நினைவிருக்கிறது, வலி இல்லை. "அதெல்லாம் யாருக்கோ நடந்தது, விடுடா" என்றேன். உண்மையைத்தான் சொன்னேன். அவன் முகம் கறுத்துவிட்டது. "இன்னும் மன்னிக்கலையாடா?" என்றான். காபியைக் குடிக்காமலே எழுந்து போனான். அந்த டம்ளர் மேல் ஆடை படிந்து கிடந்ததுதான் இன்னமும் கண்ணில் நிற்கிறது.

பழைய நோட்டு:
ஒழுங்குப்பிரியன் அவர்களுக்கு: தேதி இருக்கிறது சார், மார்ச் 14. முடிவுதான் இல்லை.