பெரிய வீட்டுக் குழு: பெரியப்பா மாத்திரை

சரசு பெரியம்மா: செல்வி, டயாலிசிஸ் டூட்டி முடிந்ததா? பெரியப்பாவுக்கு ராத்திரி முழுக்க முழங்கால் வலி. வசந்தா கொடுத்த மாத்திரையைக் கொடுக்கலாமா?

செல்வி: அட்டையைப் போட்டோ எடுத்து அனுப்புங்கள் பெரியம்மா

சரசு பெரியம்மா: 📷

செல்வி: கொடுக்காதீர்கள்!! அது டைக்ளோஃபினாக், கிட்னிக்கு ஆகாது.

மணி சித்தப்பா: டயாலிசிஸ்தான் ஓடுகிறதே. இனிமேல் கிட்னிக்கு என்ன ஆகப்போகிறது?

செல்வி: அப்படி இல்லை சித்தப்பா. பெரியப்பாவுக்கு இன்னும் கொஞ்சம் சிறுநீர் போகிறது இல்லையா, அது இருக்கிறவரைதான் இரண்டு டயாலிசிஸுக்கு நடுவில் உடம்பில் நீர் கட்டுவது குறையும். இந்த வலி மாத்திரை கிட்னிக்குப் போகும் ரத்தத்தைக் குறைத்து அதையும் நிறுத்திவிடலாம், வயிற்றில் ரத்தக்கசிவும் வரலாம். டாக்டருக்குப் போன் செய்து பாராசிட்டமால் போதுமா என்று கேளுங்கள்.

வசந்தா அத்தை: நான் நல்லதுக்குத்தான் கொடுத்தேன். வீடு பாகம் பிரித்தபோதும் பழி என் தலையில்தான்.

மணி சித்தப்பா: அக்கா, அதை எதற்கு இங்கே இழுக்கிறாய்

செல்வி: அத்தை, உங்களை யாரும் சொல்லவில்லை. கடையில் கேட்டதும் கொடுத்துவிடுகிறார்கள்.

கார்த்தி: அப்பா முதுகைச் சொறிந்துகொண்டே இருக்கிறார். வீடியோ காலில் பார்த்தேன்

செல்வி: பெரியம்மா, பெரிய வெள்ளை மாத்திரை, செவலமர், எப்போது கொடுக்கிறீர்கள்?

சரசு பெரியம்மா: காலையில் எழுந்ததும் எல்லாவற்றையும் ஒன்றாக

செல்வி: அதுதான். சாப்பாட்டில் இருக்கும் பாஸ்பரஸை அது குடலிலேயே பிடித்து வெளியே தள்ள வேண்டும், வெறும் வயிற்றில் பிடிக்க என்ன இருக்கிறது? பாஸ்பரஸ் ஏறினால் அரிப்பும் வரும். இரண்டு வாய் இட்லி உள்ளே போனதும் முழுசாக விழுங்கச் சொல்லுங்கள். மென்றுவிடக் கூடாது.

தேவி: சனிக்கிழமை காதுகுத்துக்கு அப்பா வருவாரா? கார்த்தி, நீ தாய்மாமன், உன் மடியில்தான் குழந்தை

கார்த்தி: லீவு கேட்டிருக்கிறேன்

வசந்தா அத்தை: இப்படித்தான் போன தடவையும் சொன்னான்

செல்வி: சனிக்கிழமை டயாலிசிஸ் நாள் அக்கா. ஷிப்ட் மாற்ற முடியுமா என்று கேளுங்கள். பெரியம்மா, டயாலிசிஸ் அன்று காலை பிபி மாத்திரையைப் பற்றியும் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். போன வாரம் ஒரு தாத்தா அதைப் போட்டுக்கொண்டு வந்தார், இரண்டாவது மணி நேரத்தில் பிபி 80க்கு இறங்கி, கை ஜில்லென்று ஆகிவிட்டது. காலைத் தூக்கி வைத்து சலைன் விட்டோம். எனக்கு அன்று சாப்பாடே இறங்கவில்லை.

சரசு பெரியம்மா: ஐயோ. ரத்தம் ஊறுவதற்குப் போடும் அந்த ஊசி ஃப்ரீசரில் இருக்கிறது, பரவாயில்லையா?

செல்வி: எரித்ரோபாய்டினா? உறைந்திருந்தால் போடவே கூடாது பெரியம்மா, புதுசு வாங்குங்கள். கீழே ஃப்ரிட்ஜில், 2 முதல் 8 டிகிரி. குலுக்கவும் கூடாது. ஊசி போடும் முன் பிபி பார்க்கச் சொல்லுங்கள், அது பிபியை ஏற்றும்.

மணி சித்தப்பா: சனிக்கிழமை வண்டி யார் எடுப்பது?

தேவி: பந்தியில் அப்பாவுக்கு என்ன போடுவது?

செல்வி: இளநீரும் வாழைப்பழமும் வேண்டாம், ரத்தத்தில் பொட்டாசியம் ஏறிவிடும். செவலமரைப் பையில் போட்டுக் கொண்டுவாருங்கள், இலையில் உட்காரும்போது நானே கொடுக்கிறேன்

மணி சித்தப்பா: வண்டி??