கடற்கரையா, கடலோரமா? எங்கே எதைப் போடுவது?

கேள்வி:
மீனவக் கிராமங்களைப் பற்றி ஒரு சிறு கையேடு எழுதுகிறேன். ஒரு பக்கத்தில் ‘கடற்கரை’, அடுத்த பக்கத்தில் ‘கடலோரம்’ என்று கலந்து கிடக்கிறது, ஒன்றாக்குங்கள் என்றார் மெய்ப்புப் பார்த்தவர். சரி என்று எல்லாவற்றையும் ‘கடலோரம்’ ஆக்கினேன். பல இடத்தில் பொருந்துகிறது. ஆனால் ‘புயல் நாகை அருகே கடலோரத்தைக் கடந்தது’ என்று வந்ததும் வாசிக்கவே இடிக்கிறது. இரண்டும் ஒன்றில்லையா?

பதில்:
இல்லை. கரை என்பது நீர் முடிந்து நிலம் தொடங்கும் இடம். அதனால்தான் புயல் கரையைக் கடக்கிறது, திமிங்கலம் கரை ஒதுங்குகிறது, படகு கரை சேர்கிறது. எல்லாமே கடலிலிருந்து நிலத்துக்கு வருகிற பேச்சு. ஓரம் வெறும் விளிம்புப் பக்கம், அதை யாரும் கடப்பதில்லை, சேர்வதுமில்லை.

இன்னொருவர்:
ஓரம் தண்ணீர்ப் பக்கமும் வரும், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ‘ஆழத்துக்குப் போகாமல் கடலோரமாகவே படகை ஓட்டினார்கள்’ என்கிறோம். அங்கே ‘கடற்கரையாகவே’ என்று போட்டுப் பாருங்கள், சிரிப்பு வரும். ‘படகு கடற்கரையில் நிற்கிறது’ என்றால் மணலில் ஏற்றி வைத்திருக்கிறார்கள் என்றுதான் பொருள். கரைவலையும் அப்படித்தான். படகில் போய் வலையை வளைத்து விட்டாலும், இரண்டு முனையையும் ஆட்கள் கரையில் நின்று இழுப்பதால் அந்தப் பெயர்.

கேட்டவர்:
அப்படியானால் கிழக்குக் கடற்கரைச் சாலை? அது மணலில் போகவில்லையே. பல இடங்களில் கடலே கண்ணில் படாது.

முதலில் பதில் சொன்னவர்:
நல்ல கேள்வி. கடற்கரைக்கு இரண்டு பொருள் உண்டு. ஒன்று, காலாற நடக்கிற மணல். மற்றது, கடலை ஒட்டி நீளமாகக் கிடக்கும் நிலப்பகுதி முழுவதும். சோழமண்டலக் கடற்கரை என்பது இந்த இரண்டாவது வகை, சாலையின் பெயரும் அதுதான். இந்தப் பொருளில் மட்டும் கடலோரமும் கடற்கரையும் உரசிக்கொள்ளும். ‘கடலோர மாவட்டங்கள்’, ‘கடற்கரை மாவட்டங்கள்’ இரண்டுமே ஓடும். என் காதுக்கு முதலாவதுதான் இயல்பு.

நீளம் சொல்லும்போது மட்டும் ‘கடற்கரையின் நீளம்’ என்றே எழுதுங்கள், அளப்பது அந்தக் கோட்டைத்தானே. அதையும் நுணுக்கமாக அளந்தால் நீளும். மத்திய அரசின் பழைய கணக்கில் தமிழ்நாட்டுக்குச் சுமார் 907 கி.மீ., வளைவு நெளிவுகளைச் சேர்த்து அளந்த புதிய கணக்கில் சுமார் 1,069. கையேட்டில் எந்தக் கணக்கைப் போட்டிருக்கிறீர்கள்?

கேட்டவர்:
பழையது! மாற்றிவிடுகிறேன். அப்போ கிராமங்கள் ‘கடலோரக் கிராமங்கள்’ ஆகவே இருக்கட்டும். வலை உலர்த்துவது, மீன் ஏலம், புயல், இதெல்லாம் கரை. சரிதானே?

இன்னொருவர்:
சரி. கடலோரக் காவல் படை, சென்னைக் கடற்கரை ரயில் நிலையம் போன்ற பெயர்களில் மட்டும் கை வைக்காதீர்கள். அந்த நிலையத்தில் இறங்கினால் எதிரே துறைமுகம்தான், ஆனாலும் பெயர் பெயர்தான்.