புதுப்பிப்பு: ஷேர்பாயிண்ட் மீட்பு ஒத்திகை முடிந்தது

சுங்கை சிப்புட்டிலுள்ள எங்கள் செம்பனைத் தோட்ட அலுவலகத்தின் 4 சர்வர் ஷேர்பாயிண்ட் அமைப்புக்கு (ஆவணங்களைச் சேமித்துப் பகிரும் மைக்ரோசாப்ட் மென்பொருள்) இரவுதோறும் எடுக்கும் முழுக் காப்புநகல் மட்டும் போதுமா என்று சென்ற மாதம் கேட்டிருந்தேன். போதாது என்பது சனிக்கிழமை நடத்திய ஒத்திகையில் தெளிவாயிற்று. ஆவணங்கள் இருக்கும் உள்ளடக்கத் தரவுத்தளங்கள் பழுதின்றித் திரும்பின. ஆனால் இணைய இணைப்பைப் பாதுகாக்கும் எஸ்எஸ்எல் சான்றிதழ்களும், இணையச் செயலிகளை இயக்கும் கணக்குகளின் கடவுச்சொற்களும் அந்த நகலில் அடங்குவதில்லை என்பதால், அவற்றைத் தேடியெடுத்து மீண்டும் பதிவதிலேயே பாதி நாள் போயிற்று. (கடவுச்சொல் தாள் இருந்த அலமாரியின் சாவியோடு கிராணியார் தைப்பிங்கில் ஒரு கல்யாணத்தில் இருந்தார்.) இனி அவற்றின் பிரதி முத்திரையிட்ட உறையில் ஈப்போ அலுவலகத்திலும் இருக்கும். எஸ்கியூஎல் (தரவுத்தள மென்பொருள்) உள்ளடக்கத் தரவுத்தளங்களை முழு மீட்பு முறைக்கு மாற்றி, 15 நிமிடத்திற்கு ஒருமுறை, தரவில் நடக்கும் ஒவ்வொரு மாற்றத்தையும் குறித்து வைக்கும் பரிவர்த்தனைப் பதிவேட்டையும் வேறு சர்வருக்கு நகலெடுக்கிறோம். ஆகவே நண்பகலில் வட்டு பழுதானாலும் காலை முழுவதும் பதிந்த வேலை வீணாகாது. அடுத்த ஒத்திகையை ஆளில்லாத சனிக்கிழமையில் வைக்காமல், வேலை நாளில் வைக்க நிர்வாகியிடம் அனுமதி கேட்டிருக்கிறேன்.