வெள்ளைப் புருவமா, மஞ்சள் புருவமா?

உட்லீ தாத்தா:
வணக்கம். ஓய்வுபெற்ற பிறகு இங்கே சிங்கப்பூரில் சமூக மன்றத்தில் நீர்வண்ண வகுப்புக்குப் போகிறேன். போன வாரம் காலை நடையில், பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்துக் கண்ணாடிச் சுவரில் மோதி ஒரு குருவி செத்துக் கிடந்தது. வயிறும் இடுப்பும் எலுமிச்சை மஞ்சள், முதுகு கறுப்பு, இறக்கையில் வெள்ளைத் திட்டு. தொட மனம் வரவில்லை. கைப்பேசியில் நாலு படம் எடுத்தேன். தலை நிழலில் சரியாக விழவில்லை. சரி என்று இணையத்தில் அதேபோல் ஒன்றைத் தேடிப் பார்த்துப் புருவத்தை மஞ்சளாகத் தீட்டிவிட்டேன். எதிர்வீட்டு அம்மா பார்த்ததும், "நம்ம பிடாடரிக்கு வர்றதெல்லாம் வெள்ளைப் புருவம்தானே, அண்ணே" என்கிறார். அந்த வட்டாரத்தில் அடுக்குமாடி புளோக்குகள் எழும்புவதற்கு முன் பைனாக்குலரோடு சுற்றியவர். யார் சொல்வது சரி? இன்னொன்று, என் குருவி பஞ்சடைத்த பொம்மை மாதிரி இருக்கிறதே, ஏன்?

கிளைநுனி:
அவர் சொன்னதுதான் சரி, ஐயா. அது மஞ்சள் இடுப்பு ஈப்பிடிப்பான், ஆண். கிழக்குச் சீனா, கொரியா பக்கம் குஞ்சு பொரித்துவிட்டுக் குளிருக்கு முன் தெற்கே வரும். நீங்கள் இணையத்தில் பார்த்து வரைந்தது ஜப்பானின் நார்சிசஸ் ஈப்பிடிப்பானாக இருக்கும். அதற்குத்தான் மஞ்சள் புருவம். தொண்டையில் ஆரஞ்சும் ஏறியிருக்கும். பெண்ணாக இருந்தால் இந்தக் குழப்பமே இல்லை, அதற்கு வெள்ளைப் புருவம் கிடையாது.

மைத்தூரிகை:
செத்த உடலைப் பார்த்து வரைந்தால் பொம்மைதான் வரும். ஈப்பிடிப்பான் கிளையில் நிமிர்ந்து உட்காரும், அதை உயிரோடு பார்த்துத்தான் பிடிக்க முடியும். தேசிய அரும்பொருளகத்தில் ஃபார்குவார் சேகரிப்பை ஒரு தடவை பாருங்கள். ஃபார்குவார் என்ற பிரிட்டிஷ் அதிகாரி மலாக்காவில் இருந்தபோது சீன ஓவியர்களை வைத்து வரைவித்த 477 படங்கள். வரைவித்தவர் பெயரில் சேகரிப்பே இருக்கிறது, தூரிகை பிடித்தவர் ஒருவர் பெயரும் நமக்குத் தெரியாது. எனக்கு அதில் எப்போதும் எரிச்சல். அப்புறம், புருவத்துக்கு வெள்ளைச் சாயம் வேண்டாம். தாளை அப்படியே விட்டுச் சுற்றிலும் கறுப்பைக் கொண்டு வாருங்கள்.

உட்லீ தாத்தா:
நன்றி. மஞ்சள் காய்ந்துபோனதால் புதுத் தாள் எடுத்துவிட்டேன். பழையதைக் கிழிக்கவில்லை. தொண்டையில் கொஞ்சம் ஆரஞ்சு தடவி, கீழே "ஜப்பான் குருவி" என்று எழுதினால் எதிர்வீட்டு அம்மா ஒத்துக்கொள்வாரா?