பிபிடி (பிசியோதெரபி பட்டப்படிப்பு) முடித்து வெளிநாடு வந்தாச்சு, பதிவு நடுவில் நிற்கிறது. யாராவது வழி சொல்லுங்கள்

மஞ்சக்குப்பம் பொண்ணு:
கடலூரில் ஒரு எலும்பு மருத்துவமனையில் பிசியோவாக இருந்தேன். இங்கே பதிவுக்குக் கல்லூரியே நிரப்ப வேண்டிய படிவம் ஒன்று இருக்கிறது. மெயில் போட்டுக்கொண்டே இருக்கிறேன், பதிலே இல்லை. கைக்காசு கரைகிறது. ஊருக்கே திரும்பிவிடலாமா?

பெர்த் நெல்லிக்குப்பத்தான்:
தங்கச்சி, இங்கே ஆஸ்திரேலியா மாதிரி என்றால் எழுத்துத் தேர்வுக்குப் பயப்படாதீங்க. செய்முறைத் தேர்வுதான் ஆளை உலுக்கும். நெஞ்சு நுரையீரல், எலும்பு தசை, நரம்பு என்று மூன்றிலும் பார்ப்பார்கள். நான் ராத்திரி கிடங்கில் பெட்டி தூக்கிவிட்டுப் பகலில் படித்தேன். பல நாள் ரசம் சோறுதான்.

லாஸ்பேட்டை அக்கா:
பிரிட்டனில் அந்தத் தேர்வெல்லாம் கிடையாது. ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வில் மொத்தம் 7, எந்தப் பகுதியிலும் 6.5க்குக் குறையக்கூடாது. அப்புறம் பதிவு தரும் அமைப்பான எச்.சி.பி.சி. நம் படிப்பை எடைபோடும்.

வில்லியனூர் தம்பி:
முதலில் வேலை, பதிவு அப்புறம்.

பெர்த் நெல்லிக்குப்பத்தான்:
பதிவு இல்லாமல் யார் தம்பி வேலை தருவா?

வில்லியனூர் தம்பி:
ஊரில் மட்டும் என்ன மரியாதை அண்ணா? 2021இல் மருத்துவம் சார்ந்த தொழில்களை முறைப்படுத்த, நமக்கும் சேர்த்துச் சட்டம் வந்தது. இன்னமும் டாக்டர்கள் சீட்டில் ‘பத்து நாள் கரண்ட்’ (மின்சிகிச்சை) என்று எழுதித்தான் நோயாளியை நம்மிடம் அனுப்புகிறார்கள்.

லாஸ்பேட்டை அக்கா:
ஊர்க்கதை இருக்கட்டும். ஏம்மா, எந்த நாடு, என்ன விசா, எங்கே படிச்ச? எதுவுமே சொல்லலையே.

மஞ்சக்குப்பம் பொண்ணு:
இங்கிலாந்தில் லீட்ஸ், அக்கா. வீட்டுக்காரர் விசாவில் வந்தேன். படித்தது புதுச்சேரி.

லாஸ்பேட்டை அக்கா:
அப்போ விசாவுக்கு ஸ்பான்சர் செய்யும் முதலாளியைத் தேட வேண்டாம், அந்த விசாவிலேயே வேலை பார்க்கலாம். மெயிலை நம்பி உட்காராதே. அப்பாவையோ தம்பியையோ பாண்டிக்கு பஸ் ஏற்றிவிடு. படிவம், மதிப்பெண் பட்டியல் நகல், நீ கையெழுத்துப் போட்ட கடிதம் எல்லாம் கையில் இருக்கட்டும். அந்தப் படிவத்தில் இழுப்பது மருத்துவமனைப் பயிற்சிக் கணக்குதான். எந்தத் துறையில் எத்தனை மணி நேரம் என்று பழைய லாக்புக் பார்த்துத் தனித்தாளில் எழுதிக் கொடு. அவர்கள் பதிவேட்டோடு ஒத்துப்பார்த்து நிரப்பட்டும். கோப்பு யார் மேசையில் இருக்கிறது என்று கேட்டு, அவர் போன் நம்பரையும் வாங்கிவரச் சொல்.

இதற்குள் இங்கத்து அரசு மருத்துவ சேவையான என்.எச்.எஸ்.ஸில் தெரபி அசிஸ்டன்ட் வேலைக்கு விண்ணப்பி. பேண்ட் (சம்பளப் படிநிலை) 3, 4 இரண்டையும் பார். பதிவு வரும்வரை எங்கேயும் ‘பிசியோதெரபிஸ்ட்’ என்று மட்டும் போட்டுக்கொள்ளாதே, இங்கே அது சட்டப்படி குற்றம். ‘இந்தியாவில் பிபிடி படித்தவர்’ என்று எழுது, போதும்.

மஞ்சக்குப்பம் பொண்ணு:
சரிக்கா. தம்பி திங்கட்கிழமை போகிறான். கடிதத்தில் கையெழுத்து ஸ்கேன் போதுமா?

லாஸ்பேட்டை அக்கா:
ஸ்கேனோடு பாஸ்போர்ட் நகலும் சேர்த்து அனுப்பு. அசல்தான் வேண்டும் என்றால் அன்றைக்கே கூரியர் போட்டுவிடு.